கப்பல் நேரம்

கப்பல் தளத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அவள் எட்டிப் பார்த்தாள்.

கீழே தாய்லாந்தின் புக்கெட் துறைமுகம். மேலே, பதினோராவது தளத்தில், தேர் பார்க்கிற மாதிரி கூட்டம்.

கப்பல் கிளம்பும் நேரத்தில் எல்லாரும் இங்கே வந்து நிற்பார்கள். தாமதமானவர்கள் விழுந்தடித்து ஓடிவருவதைப் பார்க்கத்தான். கைதட்டுவார்கள். விசிலடிப்பார்கள். அடிக்கடி கப்பலில் வருகிறவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு.

அவளும் கைதட்டியிருக்கிறாள். போன பயணத்தில்கூட.

ஒலிபெருக்கியில் மறுபடி பெயர்கள். மூன்றாவது அவள் கணவர் பெயர்.

அவரா தாமதம்? சொன்னால் யார் நம்புவார்கள்?

சிங்கப்பூரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்குக் கப்பல் பைத்தியம். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. எத்தனையாவது பயணம் என்று எண்ணுவதையே விட்டாயிற்று. ஆட்டம் தெரியாத நடு அறையாகப் பார்த்து எடுப்பார். இரும்புச் சுவரில் சட்டை மாட்டக் காந்தக் கொக்கிகள் கொண்டுவருவார். ஊறுகாய் பாட்டிலை மூன்று பைகளில் சுற்றுவார். ஒரு பயணம் முடியுமுன்னே, கப்பலிலேயே, அடுத்ததற்குப் பதிந்துவிடுவார். முதல் தடவை வருகிறவர்கள் சாப்பாட்டு மேசையில் மாட்டினால் போச்சு, பாடம் நடத்திவிடுவார்.

"ஊர் நேரத்தை நம்பாதீங்க. கப்பல் நேரம்தான் நேரம்."

புக்கெட்டில் மணி ஒன்று குறைவு. கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தானே மாறிக்கொள்ளும். அதற்காகவே ஒரு பழைய கைக்கடிகாரம் வைத்திருக்கிறார். அதில் எப்போதும் சிங்கப்பூர் நேரம். அதுதான் கப்பல் நேரமும்.

அந்தக் கடிகாரம் இப்போது அவள் கையில் தொளதொளவென்று கிடந்தது.

அறை மேசையில் இருந்தது. பக்கத்திலேயே மாத்திரை டப்பா; அதையும் கையோடு எடுத்து வந்திருந்தாள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை.

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன முட்டியால் வந்தது. "நீ படுத்துக்க, தைலம் வாங்கிட்டு ஓடி வந்துடுறேன்" என்று கிளம்பினார். பாவி மனுஷன், அவசரத்தில் இரண்டையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

போன மாதம்தான் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மகளுக்கு ஸ்டென்ட் தெரியும். கப்பல் தெரியாது. அப்பாவும் அம்மாவும் மலாக்காவில் சொந்தக்காரர் வீட்டில் ஓய்வெடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவருக்கு மறுபடி போன் அடித்துப் பார்த்தாள். மணி போயிற்று. எடுக்கவில்லை.

எங்கே எடுப்பார்? வெளிநாட்டில் போனை எடுத்தால் காசு என்பார்.

"யக்கா, வந்தாச்சு, வந்தாச்சு!"

பக்கத்து அறை குணவதி தோளைப் பிடித்து உலுக்கினாள். கீழே ஒரு பையனும் பெண்ணும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினார்கள். ஒரே ஆரவாரம்.

அதன் பிறகு, தூரத்து வாசலில், ஒரு வெள்ளைத் தொப்பி.

அவர்தான். நடந்துதான் வந்தார். ஒரு கையில் மஞ்சள் பை. இன்னொரு கையில் இளநீர். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்கிற நடை.

கப்பல் சங்கு ஊதியது.

அவர் நின்றார். கப்பலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி கப்பலைப் பார்த்தார்.

இளநீரைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார்.

"ஓடுங்க அங்கிள், ஓடுங்க!" தளமே கத்தியது. குணவதி விசிலடித்தாள். "யக்கா, நம்ம அண்ணன்தானே அது? என்னா ஓட்டம் ஓடுறாரு பாருங்க!"

"ஓடாதீங்க!"

தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தனை கைதட்டலில் அவருக்கு எங்கே கேட்கும்? கூட்டத்தைப் பார்த்துப் பையை ஆட்டிக் காட்டினார். இன்னும் வேகமாக ஓடினார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் கப்பலில் இருக்கிறவரை அவர் ஓடுவார்.

லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் நின்றது. ஈரத் துண்டோடு ஒரு குடும்பம் ஏறியது, சாவகாசமாக இறங்கியது. கடவுளே, கடவுளே என்று வாய்விட்டே சொன்னாள்.

கீழே, கரைக்கு இறங்கும் பாலத்தின் வாயிலில், ஒரு சிப்பந்தி சின்னப் பையுடன் நின்றான். அவர்கள் அறைப் பெட்டகத்தில் இருந்த பை. வராதவர்களின் பாஸ்போர்ட்டைக் கரையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அதுவும் அவர் நடத்துகிற பாடத்தில் உண்டு.

இரண்டு பாஸ்போர்ட்டும் ஒன்றாக இருந்தன. சிப்பந்தி அவளுடையதை உருவி அவளிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கி மறுபடி பைக்குள்ளேயே வைத்தாள். பையை வாங்கிக்கொண்டாள்.

இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்றான். ஒரு நிமிடம் இருக்கிறது, ஓடிவந்தால் அவரையே ஏற்றிக்கொள்வோம் என்றான்.

"வேண்டாம்ப்பா" என்றாள். அவனுக்குத் தமிழ் தெரியாது.

இறங்கினாள். படிக்குப் படி முட்டி குத்தியது. சிமெண்ட் தரையில் நின்று, கப்பலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள்.

அவர் பார்த்துவிட்டார்.

ஓட்டம் நடையாயிற்று. நடை நின்றது. ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை நெஞ்சில் இருந்தது.

பின்னால் பாலத்தை இழுத்துக்கொள்ளும் சத்தம். மேலே குணவதியின் குரல், யக்கா, யக்கா என்று. அவள் திரும்பவில்லை. உள்ளே கொக்கியில் அவர் சட்டைகள் தொங்கிக்கொண்டிருக்கும். போகட்டும்.

"அங்கேயே நில்லுங்க. நான் வர்றேன்."

இந்தத் தடவை கேட்டது போலிருக்கிறது. தலையசைத்தார். நெஞ்சிலிருந்த கையை எடுத்து, வெறும் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். தப்புச் செய்த பிள்ளை மாதிரி சிரித்தார்.

கை மறுபடி நெஞ்சுக்குப் போயிற்று. மஞ்சள் பை கீழே விழுந்தது.

அவள் மாத்திரை டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

விலகிப் போகும் கப்பலிலிருந்து மறுபடியும் கைதட்டினார்கள்.