காசின் பின்பக்கம்

"இந்தப் பக்கம் ஒரு தலை தெரியுது. அந்தப் பக்கம் நிக்கிற ரெண்டு பேரு யாரு அம்மிணி?"

நல்லசாமி வெள்ளிக் காசைப் புரட்டிக் காட்டினார். அரவேணுவில் அவருடைய தேயிலைத் தோட்டத்தில் அன்று காலை குழி வெட்டும்போது கிடைத்தது. தாசில்தாரிடம் ஒப்படைக்குமுன் அது என்னவென்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. அதனால் வேலாமணியிடம் நீட்டினார்.

கோத்தகிரியில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள் அவள். அரை ஏக்கர் தேயிலையும் உண்டு. அவர் தலைவராக இருக்கும் சிறு விவசாயிகள் சங்கத்துக்கு, பச்சைத் தேயிலை விலை கேட்டு மனு எழுதுவதும் கலெக்டர் ஆபீசுக்கு நடப்பதும் அவள்தான்.

"ரோமாபுரிக் காசுங்க ஐயா. ரெண்டாயிரம் வருசம் இருக்கும். இது அகஸ்டஸ் ராஜா. பின்னாடி ஈட்டியும் கேடயமுமா நிக்கிறது அவரு மக வயித்துப் பேரனுங்க. தன் மகனுங்களாவே தத்தெடுத்துக்கிட்டாரு."

"அவங்களை எதுக்குக் காசுல போட்டாரு?"

"எனக்கப்புறம் இவங்கதான்னு சனங்களுக்குச் சொல்லத்தானுங்க. அப்ப பேப்பரா, ரேடியோவா? காசு போற ஊருக்கெல்லாம் சேதியும் போகும்."

நல்லசாமி சிரித்துவிட்டார். மேசைமேல் சங்கத் தேர்தல் நோட்டீசின் மாதிரி கிடந்தது. பெரிதாக அவர் முகம்; அதற்குக் கீழே மகன்கள் காளிமுத்துவும் சுடலைமணியும்.

"நானும் அந்த ராஜா மாதிரியே பண்ணியிருக்கேன் பாரு!"

வேலாமணி நோட்டீசைப் பார்த்தாள். காளிமுத்து மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறான். சுடலைமணி கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கிறான். இருவரும் சங்கக் கூட்டத்தை எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

"கடைசில பட்டத்துக்கு வந்தது யாரு?"

"இவங்க ரெண்டு பேருமே வாலிபத்துல செத்துட்டாங்க. காசுல இல்லாத ஒருத்தரு வந்தாரு." காசைத் துணியில் சுற்றினாள். "அதை விடுங்க ஐயா."

"யாருன்னு சொல்லு."

தயங்கினாள். "ராணிக்கு முதல் புருசன் மூலமாப் பொறந்த மகன்."

"ராஜா மனசோட குடுத்தாரா?"

"இல்லீங்க. வேற ஆளில்லாமக் குடுத்தாருன்னுதான் சொல்லுவாங்க."

நல்லசாமி நோட்டீசைக் கையில் எடுத்து மகன்களின் படங்களைப் பார்த்தார். பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"நோட்டீஸ்ல பசங்க படம் வேண்டாமுங்க. தலைவர் பதவிக்கு நிக்கிறது வேலாமணி. ஆமாங்க, டீச்சரேதான். யாரும் சொல்லிச் செய்யல, மனசோடதான் சொல்றேன். பேருக்குக் கீழே 'நல்லசாமியின் மகள்'னு பெருசாப் போட்டுருங்க."

முதல் கணவரை இழந்த அங்கம்மா, நல்லசாமியை மணந்து இந்த வீட்டுக்குள் நுழைந்த நாளில், அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்த சிறுமி வேலாமணி. இத்தனை வருடமும் 'ஐயா' என்றே கூப்பிட்டு வந்தவள், இப்போது "அப்பா" என்றாள்.