துண்டுக்கடியில் விரல்

பக்கவாதம் வந்து பிழைத்த சன்னாசியிடம், “மூளை தப்பணும்னா சோத்தைப் பாதியாக் குறைங்க” என்றார் டாக்டர். தனியாக வயிறு காய மாட்டேன் என்று சன்னாசி முரண்டு பிடிக்கவே, மாட்டுத்தரகில் கூட்டாளியான மொக்கராசும் அன்றுமுதல் துணைக்கு அரைவயிற்றோடு எழுந்தார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தும் போனார்.

சந்தையில் மொக்கராசு விற்பவன் பக்கம், சன்னாசி வாங்குபவன் பக்கம். விரலால் விலை பேசத் துண்டுக்கடியில் கைகோத்தபோது, சன்னாசியின் கையெல்லாம் குடல்கறி எண்ணெய்.

“அடப்பாவி மச்சான், எத்தனை நாளா?”

“மொத நாள்லேருந்தேதான் மாப்ள. ரெண்டு பேருக்கும் சேத்து நீதான் மெலிஞ்சிட்டியே!”

சந்தையில் எவனிடமும் இப்படி ஏமாந்ததில்லை மொக்கராசு. கையை உதறப்போனார். அதற்குள் சன்னாசியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே தளர்ந்தன. சன்னாசி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்; வாய் மட்டும் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.