எத்தனை வந்திருக்கிறது

மறுபடியும் இணைப்பு அறுந்துவிட்டது.

டைம்-அவுட். திரையில் அதே சிவப்பு வரி.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பழைய சர்வர் சாகக் கிடக்கிறது. காலையிலிருந்து அதன் டிஸ்க் கரகரவென்று அரைக்கிறது. பக்கத்து அலமாரியில் அதன் நகலாக இன்னொரு சர்வர். நேற்றைய மின்வெட்டில் விழுந்தது, இப்போதுதான் எழுந்து, விட்டுப்போனதையெல்லாம் பழையதிடம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறது. அது எழுதி முடிக்கும்வரை பழையது தாங்க வேண்டும்.

தாங்காவிட்டால் ரத்த வங்கியின் புதிய பரிசோதனை முடிவுகள் அத்தனையும் போச்சு. எந்தப் பை நல்லது, எந்தப் பை ஆகாது என்று சொல்ல நாதியிருக்காது. குளிரறையில் இருப்பதையெல்லாம் கொட்ட வேண்டியதுதான்.

கீழே, ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்த பிள்ளைகள் அம்மாமார் மடியில் காத்திருக்கிறார்கள்.

நெட்வொர்க்கைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. பழையது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினாள். கூட்டிய நேரமும் தீர்ந்து, அறுந்தது. கேபிளைக்கூட மாற்றிவிட்டாள்.

இதில் ஒரு கூத்து வேறு. அவள் தண்ணீர் குடிக்கப் போனால் நகல் மளமளவென்று எழுதித் தள்ளியிருக்கிறது. வந்து உட்கார்ந்தால் முரண்டு பிடிக்கிறது. அப்படி என்ன பகையோ.

பக்கத்து மேசை பெனிட்டா சிரித்தாள்.

“ஏட்டி, இப்படி முழிச்சு முழிச்சுப் பாத்தா எப்படி வெளங்கும்? ஒங் கண்ணுதான் பட்டிருக்கு.”

எரிச்சல் வந்தது. திருப்பிச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

திரையின் ஓரத்தில் இன்னொரு ஜன்னல். நகலிடம் அவளே கேட்கும் கேள்வி. எத்தனை பதிவு வந்திருக்கிறது? பதில் வந்ததும் திரும்பக் கேட்பாள். நாற்காலியில் உட்கார்ந்தாலே கை தானாகக் கேட்டுவிடும்.

கேட்டால் நகல் எண்ணும். எண்ணி முடிக்கும்வரை எழுதாது. பழையது பதிலுக்குக் காத்துப் பார்க்கும். பொறுமை போனதும் கையை உதறிவிடும்.

வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டே வரவிடாமல் செய்திருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த ஜன்னலை மூடினாள். நகலை மறுபடி எழுப்பிவிட்டாள்.

சிவப்பு வரவில்லை.

எவ்வளவு எழுதியிருக்கும்? தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டும். கேட்கக் கூடாது.

மேலாளர் சங்கரலிங்கம் வந்து பின்னால் நின்றார்.

“எவ்வளவு வந்திருக்குன்னு ஒரு தடவ பாத்துச் சொல்லும்மா. கீழ கேக்காங்க.”

“பாக்க மாட்டேன் சார்.”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

டிஸ்க் அரைத்தது.

அரைத்தது.

பிறகு அரைக்கவில்லை.

ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது.

பழையது போய்விட்டது. நகல் இனி யாரிடமும் எதுவும் வாங்கப் போவதில்லை. இப்போது கேட்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். எதுவும் கெடாது.

“பாரும்மா” என்றார் அவர்.

கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.