அலெக்சாண்டர் லேட்

"அடுத்த வாரமும் லேட்டா வந்தீங்கன்னா கிறிஸ்மஸ் சோலோ ஆர்னால்டுக்குத்தான். சொல்லிட்டேன்!"

பாடகர் குழுத் தலைவி உர்சுலா போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ட்ரை பண்றேன்லா" என்று தலையைச் சொறிந்தார் அலெக்சாண்டர்.

சனிக்கிழமை தோறும் நான்கு மணிக்கு பிடோக் வட்டாரத் தேவாலய ஹாலில் பயிற்சி. கடைசி ஆளாக நுழைவது எப்போதும் அலெக்சாண்டர்தான். குரல் என்னவோ தேன்தான். ஆனால் அந்தக் குரல் நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே!

அப்படியானால் உர்சுலா டாணென்று நான்குக்கு வந்துவிடுவாரா என்று நீங்கள் கேட்கக் கூடாது. அவர் தலைவி. அவர் எப்போது வருகிறாரோ அப்போதுதான் மணி நான்கு.

இன்றைக்கும் பாருங்கள், தேக்கா கடைத்தெருவில் தையல்காரர் பிளவுஸைச் சரிசெய்து கொடுப்பதற்குள் மூன்றரை தாண்டிவிட்டது. இப்போது நான்கேகால். பஸ் பாதி வழியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

'லீடரைக் காணோமே' என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் முந்திக்கொள்வது நல்லது. அலெக்சாண்டர் வந்திருக்க மாட்டார் என்பதில் உர்சுலாவுக்குச் சந்தேகமே இல்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் தட்டினார்.

'அலெக்சாண்டர் லேட். பிரேயர் ஆரம்பிச்சிடுங்க.'

யாரும் 'எங்கே இருக்கீங்க' என்று கேட்டுவிடாமலிருக்க, போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த 'லேட்' இருக்கிறதே, பொல்லாத சொல். வெள்ளைக்காரர்கள் அதைப் பெயருக்கு முன்னால் போட்டால்தான் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். நம்மவர்களோ கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டே பழகியவர்கள். 'அலெக்சாண்டர் லேட்.' கூடவே 'பிரேயர்' வேறு!

அன்று வராமல் பூன் லே வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்த பாடகி ஜெனிவீவ்தான் முதலில் போட்டார்: 'ஐயோ! ஆர்.ஐ.பி.' அதற்கப்புறம் கும்பிடும் கை எமோஜிகளாக வந்து குவிந்தன.

உர்சுலா மூச்சிரைக்க ஹாலுக்குள் நுழைந்தபோது மொத்தக் குழுவும் ஜெபமாலையோடு முழந்தாளிட்டிருந்தது. செரினா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"எவ்ளோ நல்ல மனுஷன், ஆன்ட்டி!"

ஆர்னால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவர் நினைவா சோலோவை நான் பாடிடறேன்க்கா. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனாலும் பாடிடறேன்."

"யார் நினைவா?"

"அலெக்சாண்டர் அண்ணன் நினைவாத்தான். நீங்கதானேக்கா மெசேஜ் போட்டீங்க?"

உர்சுலா வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது.

"சாரி, லேட்டாயிடுச்சு" என்றபடி அலெக்சாண்டர் வந்து நின்றார்.

பின்வரிசையில் யாரோ வீல் என்று கத்தினார்கள். செரினாவின் ஜெபமாலை கீழே விழுந்தது.

"நேரமாச்சுங்கற லேட்டைத்தான் சொன்னேன்! அந்த லேட் இல்ல!" என்று உர்சுலா விளக்கி முடிப்பதற்குள் ஹாலே சிரிப்பில் குலுங்கியது. அவருக்கு அவமானம் தாங்கவில்லை. கோபம் முழுக்க அலெக்சாண்டர் மேல் திரும்பியது.

"எல்லாம் உங்களாலதான்! மெசேஜ் எதையும் பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"உயிரோடதான் இருக்கேன்னு ஒரு வரி போட்டா என்ன?"

"போட்டா, எங்க இருக்கீங்க, உடனே வாங்கன்னு சொல்வாங்களேன்னு..." அலெக்சாண்டர் இழுத்தார்.

"வர்றதுக்கு அவ்ளோ கஷ்டமா? சரி. சோலோ ஆர்னால்டுக்கு. பேச்சு முடிஞ்சது."

அலெக்சாண்டரின் முகம் சட்டென்று வாடியது. அந்தப் பாட்டை அவர் மாதக்கணக்கில் பாடிப் பழகியிருந்தார். ஆனாலும் பின்வரிசைக்கு நடந்தார்.

அப்போது எதிர்த்த காப்பிக்கடை சாகுல் ஹமீது பாய் வாசலில் தலையை நீட்டினார். கையில் ஒரு பாட்டுப் புத்தகம்.

"அலெக்ஸண்ணே, இதை மேசையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க. வாராவாரம் இதே கதைதான்! மூணரைக்கே வந்து உட்கார்றீங்க, தே தாரிக் குடிக்கிறீங்க. இந்தக்கா பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனதும், எதையாவது மறந்துட்டுப் பின்னாலேயே ஓடறீங்க!"

எல்லோரும் உர்சுலாவைப் பார்த்தார்கள். உர்சுலா அலெக்சாண்டரைப் பார்த்தார்.

"ஏன்?" என்றார் மெல்ல.

அலெக்சாண்டர் குற்றவாளி போல நெளிந்தார். "முன்னே ஒரு தடவை நீங்க கடைசியா வந்தப்ப எல்லாரும் கமுக்கமா சிரிச்சாங்க. லீடரைப் பார்த்துச் சிரிச்சா நல்லாவா இருக்கு? அதான், கடைசி ஆள் நானா இருந்துட்டுப் போறேனேன்னு..."

உர்சுலாவுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. பிளவுஸ் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"சோலோ உங்களுக்குத்தான், அலெக்சாண்டர். ஆர்னால்ட், தப்பா நினைச்சுக்காதேப்பா."

பிறகு போனை எடுத்தார். எல்லோரும் பார்க்க, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக் குழுவுக்கு அனுப்பினார்.

'மன்னிக்கவும். அலெக்சாண்டர் லேட் இல்லை. உர்சுலாதான் லேட்.'

அடுத்த நொடியே பூன் லேயிலிருந்து, முழுசாகப் படிக்காமல், யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்காமல், ஜெனிவீவ் பதில் போட்டார்.

'ஐயோ, அவங்களுமா! ஆர்.ஐ.பி.'