புட்டிப் பிள்ளைக்குக் கிண்ணம் இல்லை

உலகம்மைக்கு நடந்த அநியாயம் இதுதான். தென்காசியில் மாதர் சங்கம் நடத்திய குழந்தைக் காட்சிக்குப் பிள்ளையோடு வந்த தாய்மார் எல்லோருக்கும் பால் புகட்ட ஒரு பாத்திரம் இனாம். அவளுக்கு மட்டும் இல்லை.

காரணம், அவள் இடுப்பில் இருந்த பிள்ளை கண்ணாடிப் புட்டியில் பால் குடித்தது.

மேஜைமேல் பித்தளைப் பாலாடை, பீங்கான் கோப்பை, நீலக் கரை போட்ட எனாமல் கிண்ணம் என்று பரப்பி வைத்திருந்தார்கள். அவரவர் இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். உலகம்மை ஒரு எனாமல் கிண்ணத்தை எடுத்து, உள்ளே விரலை விட்டு அடிவரை தடவிப் பார்த்தாள்.

"இது போதும்மா. அழுக்கு ஒளிஞ்சுக்க இடமில்ல. புட்டிக் குழாயைக் கழுவி முடியல. பிள்ளைக்கு வயித்தால போறது நிக்கவே மாட்டேங்கு."

காட்சியை நடத்திய லேடி டாக்டர் சுகிர்தம் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி மேஜையில் திரும்ப வைத்தார்.

"புட்டிப் பால் கொடுக்கிறவளுக்குக் கிடையாது. சங்கத்துத் தீர்மானம். இதைப் பார்த்தாவது நாலு பேர் திருந்தணும்."

டாக்டரின் அண்ணன் மகள் தங்கபுஷ்பம் பக்கத்தில் நின்றாள். மதராஸில் பி.ஏ. படிக்கிறவள், குற்றாலத்தில் சாரல் பார்க்க வந்தவளைப் பிடித்து, பாத்திரம் எடுத்துக் கொடுக்க நிறுத்தியிருந்தார்கள்.

"இது என்ன நியாயம் அத்தை? புட்டியை விடுன்னு சொல்லுதீங்க. விட்டுட்டு எதுல கொடுக்கன்னு கேட்டா, புட்டி வச்சிருக்கவளுக்குக் கிடையாதுங்கீங்க. காய்ச்சல்காரனுக்கு மருந்து கிடையாதுன்னு ஆஸ்பத்திரி நடத்துவீங்களா?"

"ஏட்டி, உன் காலேஜ் டிபேட்டை இங்கன கொண்டுவராதே."

"இங்கனதான் கொண்டுவரணும். அங்க பேசினா கைதட்டிட்டுக் காப்பி குடிக்கப் போயிருவாங்க. இங்க ஒரு பிள்ளை பிழைக்கணும்லா?"

பெண்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த அகிலாண்டேஸ்வரி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பண்ணை வீட்டு எஜமானி, சங்கத்தின் தலைவி. சற்று முன்புதான் அவருடைய பிள்ளை முதல் பரிசு வாங்கியிருந்தது. "புட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காத குழந்தை! முழுக்க முழுக்கத் தாய்ப்பால்!" என்று டாக்டரே அதை மேடையில் தூக்கிக் காட்டினார்.

"சட்டம்னா சட்டம் தங்கம்" என்றார் அந்த அம்மாள். "ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு ஊரே புட்டியோட வந்து நிக்கும்."

உலகம்மையைப் பார்த்துச் சொல்லவில்லை. கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்.

உலகம்மை வாசல் பக்கம் திரும்பினாள். தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க அக்கா. உங்களுக்குக் கொடுக்காம இந்த மேஜையிலிருந்து ஒரு கிண்ணம்கூட வெளியே போகாது."

"என்னடி, சத்தியாக்கிரகமா?"

"அப்படியே வச்சுக்கோங்க அத்தை."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பால் வத்திப் போனவள்னா முதல் கிண்ணத்தை நானே இவளுக்குக் கொடுத்திருப்பேன். சேலையைப் பாரு. மார் நனைஞ்சு கிடக்கு. அவ்வளவு பாலையும் வச்சுக்கிட்டுப் பெத்த பிள்ளை வாயில ரப்பரைத் திணிக்கா. இவளுக்கா நீ வக்காலத்து வாங்குதே?"

எல்லோரும் பார்த்தார்கள். உலகம்மை முந்தானையை இழுத்து மூடினாள்.

"மேனி குலைஞ்சிரும்னு பாக்கா போல!" என்று ஒரு குரல். பின்வரிசையில் பெரிய சிரிப்பு.

தங்கபுஷ்பம் உலகம்மை பக்கம் திரும்பினாள்.

"நிஜமா அக்கா?"

"நிஜந்தான்."

"பின்னே ஏன்?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் தாயி. இலஞ்சிக் குமரன் சன்னதியில கற்பூரம் அணைச்சு. எம் பிள்ளைக்கு மார் கொடுக்க மாட்டேன்னு."

"அடிப் பாவி!" என்றாள் ஒருத்தி. "இப்படியும் ஒரு சத்தியமா!"

அகிலாண்டேஸ்வரி அம்மாள் எழுந்தார். "போதும் டாக்டரம்மா. மழை இருட்டுது, காட்சியை முடிச்சிருவோம்."

"முடிக்கக் கூடாது!" தங்கபுஷ்பம் வழியை மறித்தாள். "தானா ஒரு தாய் இப்படிச் சத்தியம் பண்ண மாட்டா. பண்ண வச்சவங்களைக் கேக்கணும். கேளுங்க அத்தை!"

டாக்டர் உலகம்மையை மேலும் கீழும் பார்த்தார். குரல் இறங்கியது.

"உட்காருங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று தலைவியிடம் சொல்லிவிட்டு உலகம்மை பக்கம் திரும்பினார். "உன் பால் எங்கேதான் போகுது? உள்ளதைச் சொல்லு. கிண்ணம் தாரேன்."

"சொன்னா நாளைக்கு எனக்கு வேலை இருக்காதும்மா."

பிள்ளை சிணுங்கியது. அழக்கூடத் தெம்பில்லாத சிணுங்கல். உலகம்மை அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு யாரிடமும் கேட்காமல், மேஜையிலிருந்த எனாமல் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"மேடையில தூக்கிக் காட்டினீங்களேம்மா, முதல் பரிசுப் பிள்ளை. அதுக்குத்தான் போகுது."