மூன்றாவது உறுப்பினர்

"என்னங்க, பையனுக்கு ஷூ சைஸ் என்ன போடட்டும்?"

"எட்டு."

"போன மாசம்தானே ஏழுன்னு போட்டோம்?"

"வளர்ற வயசும்மா. நீ போடு."

சாவிக்கடைக்காரர் அரத்தை ஒரு ஊது ஊதிவிட்டு மறுபடியும் ராவ ஆரம்பித்தார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, ஃபோனில் எட்டைத் தொட்டாள்.

அந்த ஆப் கேள்வி கேட்கும். பதில் சொன்னால் காசு தரும். எந்த சோப்பு, எந்த பிஸ்கட், ஏன் அந்த பிஸ்கட். ஆரம்பத்தில் இவர்கள் உள்ளதை உள்ளபடி, வீட்டில் இரண்டு பேர் என்றுதான் போட்டார்கள். 'நன்றி, இந்த சர்வேக்கு நீங்கள் பொருந்தவில்லை' என்று அது மரியாதையாகக் கதவைச் சாத்தியது. பதினேழு தடவை சாத்தியது. பதினெட்டாவது தடவை அவள், 'உறுப்பினர்கள்: மூன்று. மகன், வயது பதினைந்து' என்று போட்டாள். அன்றிலிருந்து ஆப் இவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

எட்டு மாதத்தில் பையனுக்கு வராதது இல்லை. சோப்புக் கம்பெனிக்காக முகப்பரு வந்தது. பேனாக் கம்பெனிக்காக இடது கைப் பழக்கம் வந்தது. பற்பசைக் கம்பெனி ஒன்று விரும்பிக் கேட்டுக்கொண்டதால் இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தையாயின. அன்று முழுக்க அவள், "சாக்லேட்டைக் குறைடான்னா கேட்டாத்தானே" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

வருமானம் என்று பார்த்தால், ஃபோன் ரீசார்ஜுக்குச் சரியாகப் போயிற்று. ஆனால் தினமும் மதியம் கடைக்கு வந்து உட்காருவது, வாய்விட்டுச் சிரிப்பது எல்லாம் இந்த ஆப் வந்த பிறகு அவளுக்கு ஏற்பட்ட பழக்கங்கள். அதற்காகக் கடைக்காரர், பையனுக்கு இன்னும் நாலு பல்லைச் சொத்தையாக்கவும் தயாராக இருந்தார்.

டூப்ளிகேட் சாவிக்குக் காத்திருந்த ஸ்கூட்டர்காரர் பேச்சுக் கொடுத்தார். "பையன் என்னம்மா படிக்கிறான்?"

"பத்தாவது சார். கணக்குதான் கொஞ்சம் தகராறு."

"டியூஷன் வைங்க. என் பொண்ணுக்கு வச்சேன், டாண்ணு ஏறிடுச்சு."

"சொன்னா கேக்கணுமே. ஒண்ணு சொன்னா ஒம்பது பேசறான்."

"அந்த வயசு அப்படித்தான். ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்குங்க."

"கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

அவர் சாவியை வாங்கிக்கொண்டு போனதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவரு என்ன சர்வேயா எடுக்கறாரு? அவருகிட்ட எதுக்கு இதெல்லாம்?"

"கேட்டாரு, சொன்னேன். கேக்கறவங்ககிட்ட சொல்லக்கூடாதா?"

அந்த நேரம் பார்த்து ஃபோன் சிணுங்கியது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'கணக்குச் சரிபார்ப்பு. உறுப்பினர்கள் அனைவரும் அரை மணி நேரத்துக்குள் கேமராவில் முகம் காட்ட வேண்டும். முகம் காட்ட முடியாதவரை நீக்கிவிடவும். தவறினால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.'

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

"ஸ்கூல்ல இருக்கான், அஞ்சு மணிக்குத்தான் வருவான்னு எழுதட்டுமாங்க?"

"சரி, எழுதற. அஞ்சு மணிக்கு யாரைக் காட்டுவ?"

கேட்டுவிட்டு அவருக்கே பொறுக்காமல் ஒரு யோசனை சொன்னார். "ஜெராக்ஸ் கடைக்காரம்மா பையனை ரெண்டு நிமிஷம் கூட்டிட்டு வந்து உட்கார வைப்பமா? வயசும் சரியா இருக்கும்."

"அவன் மூக்கு சப்பை. நம்ம பையனுக்கு உங்க மூக்கு."

கடைக்காரர் தம் மூக்கை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பித்தளைத் தூள் அதில் ஒட்டிக்கொண்டது.

"அப்ப எடுத்துடும்மா. போதும்."

"எடுத்துட்டா, அப்புறம் அவனைப் பத்தி யாருங்க நம்மகிட்ட கேப்பாங்க?"

ஒருவர் பூட்டைத் திறக்கச் சொல்லி வந்தார். கடைக்காரர் அவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் ஃபோனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு" என்றார் கடைக்காரர், யாருக்கோ சொல்வதுபோல.

அவள் 'நீக்கு' என்பதைத் தொட்டாள். ஆப் அத்தனை சுலபத்தில் விடுவதாக இல்லை. காரணம் கேட்டது. திருமணமாகிச் சென்றார், வெளியூர் சென்றார், தவறாகப் பதியப்பட்டது, இறந்துவிட்டார் என்று வரிசையாக அதுவே எடுத்தும் கொடுத்தது.

"தவறாகப் பதியப்பட்டதுன்னு போட்டுடு. அதுதான் வம்பில்லாதது."

"அவன் தப்பா வந்தவனாங்க?"

"ஐயோ, நான் அப்படியா சொன்னேன்? சரி, வெளியூர் போயிட்டான்னு போடு. கடைசியா இருக்கறதை மட்டும் தொடாதம்மா."

அவள் கடைசியாக இருந்ததைத் தொட்டாள்.

கடைக்காரர் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, சாவி எதையும் மாட்டாமலே மிஷினைப் போட்டார். அது வெறுமனே கத்தியது.

அடுத்து ஆப் இறந்த தேதியைக் கேட்டது. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியை ஒரு நொடிகூட யோசிக்காமல் அடித்துவிட்டு, 'இறந்தபோது வயது' என்ற கட்டத்தில் அவள் நான்கு என்று போட்டாள்.