மாடாய் உழைத்த கழுதை

அந்தச் செங்கல் சூளையில் கல்லை மேட்டுக்குச் சுமப்பது கழுதையின் வேலை. மேட்டிலிருந்து ரோடு வரை வண்டியில் இழுப்பது மாட்டின் வேலை.

ஒருநாள் மேஸ்திரி, தலையில் கல் சுமந்துபோன வீரணனைக் காட்டி, "மாடா உழைக்கிறான்யா" என்று மெச்சினார். பின்னால் அதே பாரத்தோடு வந்த சடையனைப் பார்த்து, "இவன் சும்மா கழுதையாட்டம் சுமக்கிறான்" என்று உதட்டைப் பிதுக்கினார்.

கேட்டுக்கொண்டிருந்த கழுதைக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு அதற்குப் புல் இறங்கவில்லை.

"நானும்தான் முதுகு தேயச் சுமக்கிறேன். நீ செஞ்சா மட்டும் உழைப்பா?" என்று மாட்டிடம் கேட்டது.

"எனக்கென்னப்பா தெரியும். பேசுறது அவங்க" என்று மாடு அசைபோட்டது. அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்கக் கழுதைக்கு இன்னும் எரிந்தது.

மறுநாளிலிருந்து கழுதை உதைக்கவில்லை, கத்தவில்லை, வழியில் முரண்டு பிடித்து நிற்கவில்லை. எவ்வளவு ஏற்றினாலும் முனகாமல் மேடேறியது. கடைசியில் ஒருநாள் மேஸ்திரியே அதன் முதுகில் தட்டி, "கழுதையா இது? மாடா உழைக்குதேய்யா" என்றார். சொன்ன கையோடு இன்னொரு வரிசைக் கல்லையும் ஏற்றினார்.

கால் நடுங்கியது. ஆனாலும் கழுதை காதை நிமிர்த்திக்கொண்டு மாட்டைத் திரும்பிப் பார்த்தது.

மாடு அசைபோடுவதை நிறுத்தியிருந்தது.

"இத்தனை வருஷத்துல," என்றது மாடு, "என்னை ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லையே."